குளக்கரையில் ஒரு மடையான்: காட்டுயிர் ஒளிப்படம் பழகும் முறை

காட்டுயிர் ஒளிப்படம் என்றதும் புலி, யானை, முதுமலை, முழங்கை நீள லென்ஸ் என்றுதான் பலருக்கும் மனம் ஓடுகிறது. வருடத்துக்கு இரண்டு முறை சஃபாரி போகிறார்கள். வண்டியிலிருந்து முந்நூறு படம் எடுத்து, ஒன்றும் தேறாமல் திரும்பி, குறை லென்ஸில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை பழக்கத்தில் இருக்கிறது. காட்டில் ஒரு விலங்கு கண்முன் நிற்பது சில நிமிடங்கள், சில சமயம் சில நொடிகள். எந்தச் சக்கரத்தைத் திருப்பினால் ஷட்டர் வேகம் கூடும் என்று அந்த நேரத்தில் யோசிப்பவருக்குப் படம் கிடைக்காது. அந்தக் கைப்பழக்கம் வேறெங்காவது, நிதானமாக, அடிக்கடி பழகி வரவேண்டும்.

அதற்கு ஏற்ற இடம், வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஒரு குளம் அல்லது ஏரிக்கரை. ஏற்ற ஆசிரியர் மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் இருக்கும். நிற்கும்போது அசையாது, எழும்பினால் திகைக்க வைக்கும். ஒளி, வேகம், குவியம் (ஃபோகஸ்), பொறுமை என்று இந்தக் கலையின் எல்லாப் பாடங்களையும் இந்த ஒரே பறவையை வைத்துக் கற்றுக்கொள்ளலாம். ஒரே இடம், ஒரே பறவை, முப்பது காலைகள். தொடங்குபவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான, பலன் தரும் வழி வேறு கிடையாது.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக. 250 அல்லது 300 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும், பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் போதும். லென்ஸ் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கேமராக்களும் நின்றிருக்கும் பறவைக்கு நன்றாகவே உதவும். பறக்கும் பறவையைப் பின்தொடர்வதில் மட்டும் திணறும். டிரைபாடுக்குப் பதில் தானிய மூட்டை செய்துகொள்ளுங்கள். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து, இரண்டு கிலோ அரிசியோ கேழ்வரகோ நிரப்பினால் போதும். கரையிலும் கார் ஜன்னலிலும் லென்ஸ் அதன்மேல் பதிந்து உட்காரும். நனைந்தால் தானியம் ஊறிவிடும், நாளானால் வண்டு வைக்கும்; ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வெள்ளை இறகு என்ற பொறி

மடையான் நிற்கும்போது பாருங்கள். முதுகு மண் நிறம், கழுத்தில் பழுப்புக் கோடுகள், சேற்றோடு சேறாக மறைந்திருக்கும். கேமராவின் ஒளிமானி தான் பார்க்கும் காட்சியை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். சேறும் பறவையும் ஏறத்தாழ அந்த அளவில் இருப்பதால் படம் சரியாக வரும். அடுத்த நொடி அது எழும்புகிறது. விரிந்த சிறகு பால் வெள்ளை! சேற்றுக்காகக் கணக்கிட்ட ஒளி அந்த வெள்ளைக்கு மிக அதிகம். சிறகு முழுவதும் வெளிறி, இறகின் ஒரு கோடுகூடத் தெரியாமல் காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். அப்படி வெளிறிய இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. எளிய வழி, ஒளி ஈடுசெய்யும் பொத்தானை முன்கூட்டியே −0.7 அல்லது −1 வைத்துக்கொண்டு காத்திருப்பது. நிற்கும் பறவை கொஞ்சம் இருட்டாக வரும். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா கோப்பில் எடுத்திருந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அதைவிட நல்ல வழி முழு மேனுவல், அதாவது எல்லா அளவையும் நாமே வைப்பது. பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கு வெயிலில் நின்றால், அதன் வெள்ளை இறகை வைத்து ஒளியை அமையுங்கள். திரையில் வெளிறிய இடங்கள் மினுமினுக்கும் எச்சரிக்கையை இயக்கிவிட்டு, மினுமினுப்பு நிற்கும்வரை ஷட்டர் வேகத்தை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். அந்த அமைப்பே மடையானின் சிறகுக்கும் சரியாக இருக்கும், ஏனென்றால் இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில். மேகம் மறைக்காதவரை அதைத் தொட வேண்டியதில்லை. பறவை சேற்றின்மேல் போனாலும், வானத்துக்கு எதிரே போனாலும், பச்சை நாற்றின்மேல் போனாலும் சிறகின் ஒளி மாறாது. தானியங்கி முறையில் மூன்றுக்கும் மூன்று விதமாக வந்திருக்கும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில், தெளிந்த வானத்தில், எஃப்/6.3 (லென்ஸ் துளையின் அளவு), 1/1600 நொடி ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளி உணரும் திறன்) 800 முதல் 1000 என்று தொடங்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நல்ல வெயில் ஏறியபின் அதே எஃப்/6.3-க்கு ஐஎஸ்ஓ 400, 1/2500 அல்லது 1/3200 என்று போகும்.

ஒரு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். 'வெள்ளைப் பறவைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும்' என்றும் சொல்கிறார்கள், 'குறைக்க வேண்டும்' என்றும் சொல்கிறார்கள். தானியங்கி முறையில் இரண்டும் சரி, இடத்தைப் பொறுத்து. வெள்ளைக் கொக்கு சட்டகம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும், கூட்ட வேண்டும். அதே கொக்கு இருண்ட நிழல் பின்னணியில் சின்னதாக நின்றால் கேமரா அந்த இருட்டைச் சாம்பலாக ஏற்றும், கொக்கு வெளிறும், குறைக்க வேண்டும். வெளிர் வானத்துக்கு எதிரே பறக்கும் எந்தப் பறவைக்கும் +1 வரை கூட்டாவிட்டால் வெறும் நிழல்தான் கிடைக்கும்.

தூரமும் வேகமும்

400 மி.மீ. லென்ஸ், பல டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சார் (படம் பதியும் தகடு) என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் தூரத்தில் சட்டகத்தின் அகலம் ஏறத்தாழ 59 செ.மீ. மடையானின் உடல் நீளம் 45 செ.மீ. அளவு. நிற்கும்போது அருமையாக நிறைந்திருக்கும். ஆனால் சிறகு விரித்தால் 75 முதல் 90 செ.மீ. வரும். பறக்கும் படங்களில் சிறகு நுனி வெட்டுப்படுவதற்குக் காரணம் இதுதான். 20 மீட்டரில் சட்டகம் 1.2 மீட்டர் விரிகிறது. சிறகுக்கும் இடம் உண்டு, பறவை நகரும் திசையில் சற்றுக் காலியிடமும் உண்டு. பறக்கும் தருணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால் கிட்டப் போகாதீர்கள், அல்லது ஜூமைக் குறைத்து வையுங்கள். பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் படத்தை இரு பக்கமும் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சிட அது போதும்.

கிட்டப் போவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே லென்ஸில் எஃப்/5.6 வைத்தால், 10 மீட்டரில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுமார் 14 செ.மீ. மட்டும். 5 மீட்டரில் மூன்றரை செ.மீ. கண் தெளிவாக இருக்கும், அலகு நுனி மங்கிவிடும். கிட்டத்தில் எஃப்/8, எஃப்/9 என்று துளையைச் சுருக்குவது இதற்காகத்தான்.

ஷட்டர் வேகத்துக்கு ஒரு சின்ன மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்கும் மடையானுக்கு 1/500. எழும்பும்போது 1/1600. மீன்கொத்தி தண்ணீரில் பாய்வதற்கு 1/3200, அதுவும் சில சமயம் போதாது. லென்ஸை மூட்டையில் வைத்து அசைவு நீக்கியையும் இயக்கினால் நிற்கும் பறவைக்கு 1/200-லும் எடுத்துவிடலாம். ஆனால் பறவை தலையைத் திருப்பினால் மங்கும். அசைவு நீக்கி உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் அசைவை அது என்ன செய்ய முடியும்?

குவியத்தைத் தொடர் முறையில் வையுங்கள். சில கேமராக்களில் ஏஎஃப்-சி என்றும் சிலவற்றில் ஏஐ செர்வோ என்றும் இருக்கும். குவியம் பிடிப்பதை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, பின்பக்கம் கட்டைவிரல் படும் பொத்தானுக்கு மாற்றுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், இரண்டாவது வாரம் கைக்குப் பழகிவிடும். நின்றிருக்கும்போது கட்டைவிரலை எடுத்துவிட்டால் குவியம் அங்கேயே நிற்கும். குறுக்கே ஒரு புல் ஆடினாலும் ஓடிப்போகாது. எழும்பியதும் அழுத்திப் பிடித்துக்கொண்டே தொடரலாம். கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் புதிய கேமராக்கள் இந்த வேலையைப் பெரிதும் குறைத்துவிட்டன. ஆனாலும் கோரைப்புல்லுக்குள் நிற்கும் மடையானிடம் அவையும் தடுமாறும். அங்கே ஒற்றைப் புள்ளிக் குவியம்தான் கை கொடுக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று: கண்ணை மூடிக்கொண்டு கேமராவைக் கையில் எடுத்து, 1/500-லிருந்து 1/2000-க்குச் சக்கரத்தின் 'கிளிக்' எண்ணிக்கையை வைத்தே மாற்றுங்கள். மூன்றில் ஒரு படியாக நகரும் கேமராவில் ஆறு கிளிக். கண்ணைத் திறந்து சரிபாருங்கள். மொட்டை மாடியில் காகம், மாடப்புறா, தெருவில் ஓடும் நாய், எல்லாம் பின்தொடர்ந்து பழகுவதற்கு உகந்தவை.

காற்றும் வெயிலும்

பறவை எதிர்க்காற்றில்தான் எழும்பும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால், எழும்பும் பறவையின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். காற்று முகத்தில் அடித்தால் கிடைப்பது வாலும் முதுகும். வெயிலும் முதுகுப் பக்கமிருந்தே வரவேண்டும். இரண்டும் ஒன்றுசேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கரையைத் தேர்ந்தெடுக்கும் வித்தை.

வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் தை வரை, உள்மாவட்டங்களில் காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காலைச் சூரியனும் கிழக்கில். ஆகவே காலையில் கீழைக்கரையில் உட்கார்ந்து மேற்கே பாருங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது மாலை வேளையில் மேலைக்கரைக்கு மாறுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் மாலை வெயிலோடு சேராது. அங்கே பக்கவாட்டில் கடந்து போகும் பறவைகளை எடுக்கலாம், அல்லது காலையோடு முடித்துக்கொள்ளலாம். வெயில் எவ்வளவு நேரம் நன்றாக இருக்கும் என்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை எடுக்கலாம். அந்த நிழல் பறவையை நோக்கி நீண்டிருந்தால் திசையும் சரி.

எந்தக் கரையானாலும் உட்கார்ந்துகொள்ளுங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்குப் பின்னால் இரண்டடி தூரத்துச் சேறும் குப்பையும் பளிச்சென்று தெரியும். லென்ஸ் பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி ஐம்பது மீட்டர் தள்ளியுள்ள எதிர்க்கரையாகிவிடும். அது கரைந்து ஒரே பச்சையாக நிற்கும். ஒரு ரூபாய் செலவில்லாமல் படத்தின் தரம் ஒரே நாளில் மாற வேண்டும் என்றால் வழி இதுதான்.

அசையாமல் இருப்பதைப் படிப்பது

கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கூன் போட்டு நிற்கும் மடையான் ஓய்வில் இருக்கிறது, அல்லது காத்திருக்கிறது. உடல் மெல்ல முன்னால் சாய்ந்து, கழுத்து அங்குலம் அங்குலமாக நீண்டால் மீனைப் பார்த்துவிட்டது. கட்டைவிரல் குவியப் பொத்தானில் இருக்கட்டும். அலகு பாய ஒன்றிரண்டு நொடிதான். அலகு அசைவதைப் பார்த்தபின் அழுத்தினால் மீன் தொண்டைக்குள் போயிருக்கும். கழுத்து நீளும்போதே தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்குங்கள். விட்டுவிட்டு, இரண்டு நொடிக்கு மேல் போகாமல் எடுங்கள். ரா கோப்பில் நீளமாக அழுத்திப் பிடித்தால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, சரியான கணத்தில் கேமரா நின்றுவிடும்.

கழுத்து செங்குத்தாக நிமிர்ந்து, இறகுகள் உடலோடு ஒட்டி, மேய்ச்சல் நின்றுவிட்டால் அது அச்சம். காரணம் நீங்கள்தான். அப்படியே நில்லுங்கள், பார்வையைத் திருப்புங்கள், மறுபடி அது மேயத் தொடங்கும்வரை ஒரு அடிகூட வைக்காதீர்கள். நேராக நடந்து போவதைவிட, பறவை வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவது எப்போதும் மேல். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆள்காட்டிக் குருவி இருக்கும் கரையில் அதன் அருகே போகவே வேண்டாம். அது ஒருமுறை கத்தினால் குளம் முழுவதும் விழித்துக்கொள்ளும்.

மற்ற உயிர்களுக்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் படம் பாதி கையில் வந்துவிட்டது. பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்கோ கம்பிக்கோ திரும்பும், பிடித்ததை அதில் அடித்துத்தான் விழுங்கும். குவியத்தை அந்தக் கிளையில் வைத்துக் காத்திருங்கள். கருவெள்ளை மீன்கொத்தி பாய்வதற்கு முன் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பறக்கும் பறவையைப் பழக அதைவிட இரக்கமுள்ள பறவை இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் தட்டானிடம் போங்கள். விரட்டினாலும் அதே குச்சிக்கு வந்து உட்காரும். சுடும் மதியத்தில் வாலைச் சூரியனை நோக்கி நட்டமாகத் தூக்கி நிற்பதையும் பார்க்கலாம்.

படம் ஏன் மங்கியது

வீட்டுக்கு வந்ததும் கெட்ட படங்களை அழிப்பதற்கு முன் அவற்றை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவை மங்கி, பின்னால் உள்ள புல் கூர்மையாக இருந்தால் குவியம் தவறிப் பின்னால் போயிருக்கிறது. தலை கூர்மையாக இருந்து சிறகு மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் குறைவு. சில சமயம் அது அழகாகவும் இருக்கும், அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

எதிலும் சேராமல், தொடர்ச்சியாக எடுத்த இருபது படத்திலும் விளிம்புகள் நெளிந்து நெளிந்து இருந்தால் அது கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைக்கிறது. உப்பளம், தார்ச்சாலை, வறண்ட ஏரிப்படுகை ஆகியவற்றின்மேல் காலை ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். கோடியக்கரையில் தூரத்துப் பூநாரைகளை எடுக்கப் போகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். விலை உயர்ந்த லென்ஸ் கானலையும் சேர்த்தே பெரிதாக்கும். மருந்து இரண்டே: சீக்கிரம் போவது, தூரத்தைக் குறைப்பது. ஏசி போட்ட கார் ஜன்னலை இறக்கி உடனே எடுத்தாலும் இதே நெளிவு வரும். ஏசியை அணைத்து, எல்லா ஜன்னலையும் திறந்து, ஐந்து நிமிடம் பொறுங்கள். ஏசி அறையில் இருந்த கேமராவைக் கடலோர விடியலில் வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். துடைத்தால் திரும்பப் படியும். பையைத் திறக்காமலேயே இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு எடுப்பதே சரி.

ஊக்கம் எங்கிருந்து வரும்?

பத்தாவது நாள் அலுப்பு தட்டும். அதே குளம், அதே மடையான், அதே பக்கவாட்டுத் தோற்றம். பழைய தமிழ்க் கவிதை மரபு இதற்கு ஒரு நல்ல கருவி தந்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழும் உயிர்கள் முதலியவை கருப்பொருள். அங்கே நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். உங்கள் படத்தை இந்த மூன்றையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தொடங்குபவர்களின் படங்களில் பெரும்பாலும் கருப்பொருள் மட்டும் இருக்கும்: ஒரு பறவை, தெளிவாக, நடுவில். அது எந்த நிலம், எந்தப் பொழுது என்று தெரியாது. அது என்ன செய்கிறது என்பதும் இருக்காது. அடுத்த நாள் ஜூமைக் குறைத்து, மதகும் நாற்றங்காலும் மூடுபனியும் தெரிய, மூலையில் சின்னதாக மடையானை வைத்து எடுங்கள். அதற்கடுத்த நாள் செயலை மட்டும் தேடுங்கள்: கோதும் அலகு, நழுவும் மீன், இடத்துக்குச் சண்டை. இனப்பெருக்கக் காலம் வந்தால் இதே மடையானின் முதுகு செம்பழுப்பாக மாறித் தலையில் நீண்ட இறகுகள் தொங்கும். ஒரே பறவையைத் தொடர்ந்து பார்த்தவருக்குத்தான் அந்த மாற்றம் ஒரு கதையாகக் கிடைக்கும்.

மா. கிருஷ்ணன் (1912–1996) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். யானை எடுத்தாலும் அதைச் சுற்றியுள்ள காட்டையும் விடாமல் எடுத்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். நிறம் இல்லாத படத்தில் உருவமும் ஒளியும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது கண்ணுக்கு நல்ல பயிற்சி.

மாலையில் கொக்குகள் அடையத் திரும்பும் நேரத்தில் ஷட்டர் வேகத்தை 1/30-க்கு இறக்கி, கூட்டத்தோடு சேர்ந்து கேமராவையும் ஒரே சீராக நகர்த்தி எடுத்துப் பாருங்கள். நூற்றில் மூன்று தேறினால் அதிகம். அந்த மூன்றும் வேறு யாரிடமும் இருக்காது.

குளம் பழகிய பிறகு வேடந்தாங்கல் போங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பருவம். மஞ்சள்மூக்கு நாரை கூட்டுக்குச் சுள்ளி சுமந்து வரும் காலத்தில், அரை மணி நேரம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். ஒரே மரத்துக்கு ஒரே வான்வழியில் திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்த வழி வெயிலோடு சேரும் இடத்தில் நின்றுகொண்டால் ஒவ்வொரு பறவையும் உங்களுக்காகவே பறப்பதுபோல் இருக்கும். பத்து நிமிடத்தில் ஆயிரம் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

சரணாலயங்களில் வேலியாக நிற்கும் விதிகள் வெளியே இல்லாததால், ஊர்க் குளத்தில் கட்டுப்பாடு நம்மிடமிருந்துதான் வரவேண்டும். கூட்டை நெருங்கி எடுக்க வேண்டாம். தாய் பத்து நிமிடம் விலகினால்கூட வெயில் குஞ்சைக் கொல்லக்கூடும்; கூடு எங்கே என்று அறிய நம் காலடியைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். படம் தெளிவாக வருவதற்காக மறைக்கும் இலையை ஒடிப்பது, நிழலையும் மறைவையும் சேர்த்தே ஒடிப்பதாகும். ஒலிப்பதிவு போட்டு அழைக்காதீர்கள், இரை வைக்காதீர்கள், ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கூடு, ஆந்தை, அரிய பறவை எதுவானாலும் படத்தோடு இடத்தைப் போடாதீர்கள். கேமராவிலும் கைபேசியிலும் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு ஊரே வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் விட்டுக்கொடுப்பதோடு ஒப்பிட்டால் நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுப்பது பெரிய விஷயமே இல்லை.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் படி வரை, மடையான் எந்தக் கல்லில் நின்றது, எத்தனை மணிக்கு வந்தது, எதற்காகப் பறந்தது. படம் எடுக்காத நாளிலும் இதை எழுதுங்கள். இருபது நாள் பக்கங்களைப் புரட்டினால், தண்ணீர் இரண்டு படி இறங்கியதும் அது மதகடிக்கு மாறியிருப்பதும், ஆடு மேய்ப்பவர் வரும் ஏழே முக்காலுக்குத் தினமும் கிழக்கே எழும்புவதும் தெரியவரும். மறுநாள் ஏழரைக்கே அந்த மதகுக்கு எதிரே மூட்டையைப் போட்டு, 1/1600 வைத்து, ஜூமைக் கொஞ்சம் குறைத்து உட்கார்ந்துகொள்ளலாம்.